வடிவவியலும் இயற்பியலும் இயற்கணிதமும்: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள்தான் அங்கே அதிகம். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர்களுக்குப் பெரும்பகுதி புரியும். தடுக்கும் இடத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து படித்தாலும் குற்றமில்லை.

பள்ளியில்தான் வடிவவியல் படிக்கிறோமே, நவீன வடிவவியல் என்று தனியாக என்ன இருக்கிறது?

பள்ளியில் முக்கோணமும் வட்டமும் தட்டையான தாளின்மேல் இருக்கின்றன. அந்தத் தாள் தட்டையாகத்தான் இருக்க வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் நவீன வடிவவியல் தொடங்குகிறது.

ஒரு வாழையிலையைக் குழலாகச் சுருட்டலாம். தேங்காயின்மேல் சுருக்கம் விழாமல் போர்த்த முடியாது. இலையின் வளைவும் தேங்காயின் வளைவும் வேறு வகை. 1820களின் இறுதியில் ஜெர்மன் கணித அறிஞர் காஸ் இந்த வேறுபாட்டை ஓர் எண்ணாக்கினார். அதைவிடப் பெரிய செய்தி, அந்த எண்ணைப் பரப்புக்கு வெளியே வந்து பார்க்காமல், பரப்பின்மேலேயே நீளங்களை அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் நிரூபித்தது. 1854 ஜூன் மாதம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவர் ரீமான் ஒரு விரிவுரை ஆற்றினார். பரப்புக்கு மட்டுமன்றி, மூன்று, நான்கு, எத்தனை பரிமாணம் கொண்ட வெளிக்கும் இதே போல் உள்ளிருந்தே வளைவை அளக்கலாம் என்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் சாதாரண வெளி போலத் தோன்றி, மொத்தத்தில் எப்படி வேண்டுமானாலும் வளைந்தும் சுருண்டும் கிடக்கக்கூடிய இத்தகைய வெளிகளை மேனிஃபோல்ட் என்கிறார்கள்.

வெளியே வராமல் வளைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். ஒரு பூகோள உருண்டையும் ஒரு தீக்குச்சியும் போதும்.

வட துருவத்தில் தொடங்குங்கள். தீக்குச்சியை மும்பை இருக்கும் தீர்க்கரேகை வழியே, அதாவது கிழக்கு 73 பாகை வழியே, தெற்கு நோக்கி வையுங்கள். அதே கோட்டில் கீழே இறங்குங்கள். மும்பையைக் கடந்து, அரபிக்கடலைக் கடந்து, மாலத்தீவுகளின் பக்கத்தில் நிலநடுக்கோட்டைத் தொடுவீர்கள். குச்சி இன்னும் தெற்கையே காட்டுகிறது. இப்போது குச்சியைத் திருப்பாமல் நிலநடுக்கோட்டின் வழியே மேற்கே 90 பாகை நகருங்கள். ஆப்பிரிக்காவைக் கடந்து அட்லாண்டிக்கில், மேற்கு 17 பாகைக்கு வந்துவிடுவீர்கள். குச்சி தெற்கையே காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து நேராக வடக்கே ஏறித் துருவத்துக்குத் திரும்புங்கள்.

வழியில் எங்கும் குச்சியைத் திருப்பவில்லை. ஆனாலும் புறப்படும்போது 73 பாகைக் கோட்டைக் காட்டிய குச்சி, இப்போது மேற்கு 17 பாகைக் கோட்டைக் காட்டுகிறது. சரியாக 90 பாகை திரும்பியிருக்கிறது. நீங்கள் சுற்றிய முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்கள், கூட்டினால் 270. பள்ளிக்கூடத்து 180ஐவிட 90 அதிகம். அந்த 90தான் குச்சி திரும்பிய அளவும். முக்கோணம் உருண்டைப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. சுற்றும் பரப்பு பாதியானால் திருப்பமும் பாதியாகும்.

ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தால் என்ன மாறியிருக்கிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் இயற்பியலும் இயற்கணிதமும் இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

இது உருண்டையில் செய்யும் வேடிக்கைதானே? உண்மையில் எங்காவது நடக்கிறதா?

தினமும் நடக்கிறது. 1851இல் பாரிஸில் ஃபூக்கோ நீண்ட கம்பியில் ஒரு கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. அப்படி ஓர் ஊசல் இன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. அங்கே அது ஒரு முழுச் சுற்று திரும்பச் சுமார் 50 மணி நேரம் ஆகிறது. மும்பையில் தொங்கவிட்டால் சுமார் 74 மணி நேரமும், சென்னையில் சுமார் 106 மணி நேரமும் ஆகும். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது.

இதைத் தீக்குச்சிக் கணக்காகவே போடலாம். பூமி ஒரு நாளில் ஊசலை மும்பையின் அட்சரேகையான 19 பாகை வட்டத்தில் சுற்றிக் கொண்டுவருகிறது. அந்த வட்டத்துக்கு வடக்கே இருக்கும் பூமிப்பரப்பு, வட அரைக்கோளத்தில் சுமார் 67.4 சதவீதம். அரைக்கோளம் முழுவதையும் சுற்றினால் திருப்பம் 360 பாகை; அதில் 67.4 சதவீதம் என்பது சுமார் 243. அதற்குள் தரையின் வடக்குத் திசை ஒரு முழுச் சுற்று திரும்பிவிடுகிறது; 360இல் 243 போக மீதி 117. தரையில் நிற்பவர் கண்ணுக்கு ஊசல் ஒரு நாளில் சுமார் 117 பாகை திரும்புகிறது. விசை, முடுக்கம் எதையும் எழுதாமல், சுற்றிய பரப்பை வைத்தே விடை வந்துவிட்டது. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கே புதிதாக இருக்கிறது.

ஐன்ஸ்டைனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ரீமான் கண்ட வடிவவியலை 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்குப் பயன்படுத்தினார். அதைக் கற்றுக்கொள்ள அவருக்குக் கைகொடுத்தவர் கல்லூரித் தோழரும் கணித அறிஞருமான மார்செல் கிராஸ்மன். பொருளும் ஆற்றலும் இருக்கும் இடத்தில் காலவெளி, அதாவது காலமும் வெளியும் சேர்ந்த ஒன்று, வளைகிறது. அந்த வளைவில் பொருள்கள் தமக்கு நேர்வழி எதுவோ அதில் போகின்றன. அதைத்தான் நாம் ஈர்ப்பு என்கிறோம்.

கையில் இருக்கும் கைப்பேசிக்கும் இது தேவை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம், ஈர்ப்பு குறைவாக இருப்பதால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். தன் வேகத்தால் சுமார் 7 மைக்ரோ நொடி பின்தங்கும். நிகரம் 38. ஒரு மைக்ரோ நொடியில் ஒளி சுமார் 300 மீட்டர் போகிறது. இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். மாட்டுங்காவில் நிற்பவரைக் காட்கோபரில் நிற்பதாகக் கைப்பேசி காட்டும்.

நம் மாநிலத்திலேயே, ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா வரவிருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவான ஈர்ப்பு அலைகளை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளை, அளக்கும் அதே வகைக் கருவி அது.

கேஜ் கோட்பாடு என்று படித்தேன். அது என்ன?

ஈர்ப்பில் வளைவது காலவெளி. மற்ற விசைகளில் வளைவது வேறொன்று. எலக்ட்ரானுக்கு ஒவ்வொரு புள்ளியிலும் கடிகார முள் போல் ஒரு கோணம் உண்டு; அதைக் கட்டம் என்பார்கள். ஒரு புள்ளியில் இருக்கும் கோணத்தைப் பக்கத்துப் புள்ளியில் இருப்பதோடு ஒப்பிட ஒரு விதி வேண்டும். தீக்குச்சியைத் திருப்பாமல் நகர்த்துவது என்றால் என்ன என்று சொன்னோமே, அதே வகை விதி. கணிதத்தில் அதற்கு இணைப்பு என்று பெயர். மின்காந்தவியலில் மின்னழுத்தமும் காந்த அழுத்தமும் சேர்ந்தது இந்த இணைப்பு. அதன் வளைவுதான் மின்புலமும் காந்தப்புலமும். விசையை இப்படி ஓர் இணைப்பின் வளைவாகப் பார்ப்பதுதான் கேஜ் கோட்பாடு.

1954இல் யாங், மில்ஸ் இருவரும் ஒற்றைக் கோணத்துக்குப் பதிலாக அணிகளை வைத்து இதே கட்டுமானத்தை எழுதினார்கள். அணிகளில் பெருக்கும் வரிசை மாறினால் விடை மாறும். அதனால் சமன்பாடுகள் கடினமாகி, அளவற்ற வளம் பெற்றன. அணுக்கருவின் வன்விசையும் மென்விசையும் இன்று இந்த மொழியில்தான் எழுதப்படுகின்றன. கணித அறிஞர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் இணைப்புகளைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்பும் ஒரே பொருளைத்தான் பேசுகிறது என்பது தெளிவாக 1970களாயிற்று. 1975இல் வூ, யாங் எழுதிய கட்டுரையில் இயற்பியல் சொற்களையும் கணிதச் சொற்களையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணையே போட்டார்கள்.

வளைவு இல்லாத இடத்தில் குச்சி திரும்பாது, சரிதானே?

சரியில்லை. ஏன் என்று பாருங்கள். ஒரு வட்டத் தாளிலிருந்து கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய ஓரங்களை ஒட்டுங்கள். கூம்பு கிடைக்கும். அதன் உச்சியைத் தவிர வேறு எங்கும் தாள் தாளாகவே, தட்டையாகவே இருக்கிறது. உச்சியைச் சுற்றாத சின்ன வளையம் ஒன்றில் அம்புக்குறியை நகர்த்தினால் அது திரும்பாது. உச்சியைச் சுற்றி வந்தால், வெட்டி எடுத்த 90 பாகை அளவுக்குத் திரும்பிவிடும். உச்சியைக் கத்தரித்துத் தூக்கி எறிந்துவிட்டாலும் இதே கதைதான். இப்போது மிஞ்சியிருக்கும் பரப்பில் வளைவு எங்குமே இல்லை. ஓர் ஓட்டை மட்டும் இருக்கிறது.

இயற்பியலில் இதை ஆஹரோனவும் போமும் 1959இல் எடுத்துச் சொன்னார்கள். காந்தப்புலம் முழுவதும் ஒரு கம்பிச்சுருளுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே புலம் பூஜ்யம். ஆனால் சுருளைச் சுற்றி இருபுறமாகப் போகும் எலக்ட்ரான் அலைகளின் கட்டம் வேறுபடுகிறது. 1986இல் ஜப்பானில் தோனோமுராவின் குழு மிகக் கவனமாகச் செய்த சோதனை இதை உறுதிப்படுத்தியது. புலம் இல்லாத இடத்தில் மட்டுமே போன துகளுக்கு ஓட்டை இருப்பது தெரிந்திருக்கிறது!

இந்தக் கூம்பை உங்கள் கையால் வெட்டி ஒட்டிப் பாருங்கள். மும்பையில் இரண்டு தமிழர்கள் நிரூபித்த, கீழே வரும் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்துக்குப் போகும் வழி இதுதான்.

சமன்பாடுகளைத் தீர்ப்பதுதானே இயற்கணிதம்? அதில் வடிவத்துக்கு என்ன வேலை?

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். இரண்டும் பின்னங்களாக இருக்க வேண்டும். இயற்கணிதமாகத் தேடினால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. படம் வரையுங்கள்: ஆரம் 1 கொண்ட வட்டம். அதன் இடது ஓரப் புள்ளியிலிருந்து 1/2 சாய்வில் ஒரு கோடு இழுத்தால், வட்டத்தை மறுபடி வெட்டும் புள்ளி 3/5, 4/5. ஆக 3, 4, 5 வந்துவிட்டது. 2/3 சாய்வில் இழுத்தால் 5/13, 12/13. அதுவே 5, 12, 13. பின்னமாக உள்ள எந்தச் சாய்வை எடுத்தாலும் ஒரு விடை கிடைக்கும். இந்த வழியில் அகப்படாமல் போவது தொடங்கிய புள்ளி ஒன்றுதான்.

கூட்டுத்தொகை 1 என்பதை 3 என்று மாற்றுங்கள். இப்போது பின்ன விடை ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது: முழு எண்ணின் வர்க்கத்தை 3ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. அதனால் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட வேண்டுமென்றால் இரண்டு எண்களும் 3ஆல் வகுபட வேண்டும். அப்படியானால் பகுதி எண்ணும் வகுபடும். எல்லாவற்றையும் 3ஆல் சுருக்கலாம், மறுபடி சுருக்கலாம், முடிவே இருக்காது. முழு எண்களை முடிவில்லாமல் சுருக்கிக்கொண்டே போக முடியாது.

இனிதான் வியப்பு. சமன்பாட்டின் விடைகளைக் கலப்பெண்களில், அதாவது −1இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களில், தேடினால் அவை ஒரு கோடாக இல்லாமல் ஒரு பரப்பாக அமைகின்றன. இதைக் கண்டவரும் ரீமான்தான். இருபடிச் சமன்பாட்டுக்கு அந்தப் பரப்பு உருண்டை; ஓட்டை இல்லை. கூர்முனையோ தன்னைத்தானே வெட்டும் இடமோ இல்லாத முப்படிச் சமன்பாட்டுக்கு ஓர் ஓட்டை, மெதுவடை வடிவம். நான்குபடிக்கு மூன்று ஓட்டைகள், ஐந்துபடிக்கு ஆறு. இந்த ஓட்டைகளின் எண்ணிக்கை, பின்ன விடைகள் எத்தனை இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஓட்டை இல்லையென்றால் விடையே இருக்காது, அல்லது வட்டத்தில் பார்த்தது போல் எண்ணற்ற விடைகள். ஓர் ஓட்டை என்றால் விடைகளைக் கூட்டிப் புது விடை உண்டாக்கும் ஒரு குலம் அமையலாம். இரண்டோ அதற்கு மேலோ ஓட்டை இருந்தால் பின்ன விடைகள் முடிவுள்ளவை மட்டுமே. இப்படித்தான் இருக்கும் என்று 1922இல் மோர்டெல் ஊகித்தார். 1983இல் ஃபால்டிங்ஸ் நிரூபித்தார். எண்கணிதக் கேள்வி ஒன்றுக்கு, ஒரு பரப்பில் எத்தனை ஓட்டை என்று எண்ணி விடை சொல்ல முடிகிறது. கணிதத்தில் இதைவிட அழகான செய்தி எனக்குத் தெரியவில்லை.

குலம், சமச்சீர் என்கிறார்களே, அவை ஏன் எல்லா இடத்திலும் வருகின்றன?

ஒரு பொருளை மாறாமல் வைக்கும் மாற்றங்களின், அதாவது அதன் சமச்சீர்களின், தொகுப்புதான் குலம். வடிவவியல் என்பது அத்தகைய குலங்களை ஆராய்வதே என்று 1872இல் கிளைன் சொன்னார். 1918இல் எம்மி நோதர் இயற்பியலுக்கு அதைக் கொண்டுவந்தார்: விதிகள் காலப்போக்கில் மாறாதிருந்தால் ஆற்றல் அழியாது, இடத்துக்கு இடம் மாறாதிருந்தால் உந்தம் அழியாது. அதே நோதர்தான் அடுத்த பத்தாண்டில் நவீன இயற்கணிதத்தின் அடித்தளத்தையும் இட்டார்.

நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்ன சொல்கிறது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கற்றை. ஒரு வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு கோட்டை நிறுத்துங்கள். நேராக ஒட்டினால் காகித வளையல். ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டினால் மோபியஸ் நாடா. ஒரு சிறு துண்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. முழுச் சுற்று வந்தால்தான் வேறுபாடு தெரியும். இப்படி ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளியை நிறுத்திக் கட்டியதைத் திசையன் கற்றை என்கிறார்கள். நமக்கு வேண்டியது, இரண்டோ மேலோ ஓட்டை கொண்ட ரீமான் பரப்பின்மேல் கலப்பெண் திசையன்களால் கட்டிய கற்றைகள். இவை இயற்கணிதப் பொருள்கள்; பல்லுறுப்புக்கோவைகளால் விவரிக்கக் கூடியவை. இவற்றின் மொத்த முறுக்கை ஓர் எண்ணால் அளக்கலாம். அதைக் கற்றையின் பரிமாணத்தால் வகுத்தால் சராசரி முறுக்கு.

கற்றைகள் எண்ணற்றவை. அவற்றை வகைப்படுத்தி ஒரு வரைபடம் போட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. தனக்குள் இருக்கும் எந்தச் சிறு கற்றையின் சராசரி முறுக்கும் தன் சராசரி முறுக்கைவிடக் குறைவாகவே இருந்தால் அது நிலையான கற்றை. இந்த இலக்கணத்தை 1962இல் மம்ஃபோர்ட் வகுத்தார்.

அடுத்தது சுற்றுகள். இரண்டு ஓட்டை உள்ள பரப்பில் அடிப்படையான வளையங்கள் நான்கு, ஓட்டைக்கு இரண்டு. ஒவ்வொரு வளையத்துக்கும் நீளத்தை மாற்றாத ஓர் அணியை, யூனிட்டரி அணியை, ஒதுக்குங்கள். அந்த வளையத்தைச் சுற்றி வந்தால் திசையன் எப்படித் திரும்பும் என்பதை அந்த அணி சொல்கிறது. நான்கும் இஷ்டம்போல் இருக்க முடியாது. முதல் வளையத்தில் போய், இரண்டாவதில் போய், முதலாவதில் பின்னோக்கி வந்து, இரண்டாவதில் பின்னோக்கி வந்து, மற்ற இரண்டிலும் அதே போல் செய்தால், அந்த நெடும்பாதையைப் பரப்பின்மேல் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். ஆகவே அந்த வரிசையில் அணிகளைப் பெருக்கினால் அலகு அணி வர வேண்டும். நான்கு அணிகள், ஒரே ஒரு நிபந்தனை. கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதக்கூடிய சமன்பாடு.

தேற்றம் சொல்வது: முறுக்கு பூஜ்யமான நிலையான கற்றைகளும், மேலும் பிரிக்க முடியாத இத்தகைய அணித்தொகுப்புகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. ஒரு புறம் பரப்பின் இயற்கணிதம். மறுபுறம் சுற்றி வந்தால் நேரும் திருப்பங்கள் மட்டும். இரண்டும் ஒன்றே என்று யாருக்கும் தோன்றக் காரணமில்லை. இந்த வழியில் முதல் அடி வைத்தவர் ஆந்த்ரே வேய், 1938இல். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி இருவரும் 1965இல் அமெரிக்காவின் ‘ஆனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ்’ இதழில் நிரூபணத்தை வெளியிட்டார்கள்.

இயற்பியல் எங்கே? காகிதக் கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: வளைவு பூஜ்யம், ஓட்டையைச் சுற்றினால் திருப்பம். அணித்தொகுப்பு ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஓர் இணைப்பு. யாங்–மில்ஸ் கோட்பாட்டில் ஆற்றல் மிகக் குறைந்த நிலை அதுதான். 1983இல் அத்தியா, பாட் இருவரும் ரீமான் பரப்பின்மேல் யாங்–மில்ஸ் சமன்பாடுகளை ஆராய்ந்தபோது இந்தத் தேற்றம் நடுவில் வந்து நின்றது. அதே ஆண்டு டொனால்ட்சன், யாங்–மில்ஸ் வழியில் தேற்றத்துக்குப் புதிய நிரூபணமே எழுதினார். மும்பையில் 1960களில் இருவரும் நிரூபித்தபோது இந்த இயற்பியல் தொடர்பு யார் மனதிலும் இல்லை.

அவர்கள் தமிழர்களா? மும்பைக்கு எப்படி வந்தார்கள்?

இருவரும் 1932இல் பிறந்தவர்கள். நரசிம்மன் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரையில், சேஷாத்ரி காஞ்சிபுரத்தில். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் படித்தார்கள். அங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன், தன் நாட்டில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை அறிந்தவர். 1953இல் இருவரும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், டிஐஎஃப்ஆரில், ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்தார்கள். கொலாபாவின் தென்முனையில் இன்று இருக்கும் கட்டடம் அப்போது இல்லை. கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் பழைய யாட் கிளப்பில் நிறுவனம் இயங்கியது. கணிதப் பள்ளியைக் கட்டி வளர்த்தவர் கே. சந்திரசேகரன். உலகின் முதல்தரக் கணித அறிஞர்களை வரவழைத்துப் பல வாரங்கள் விரிவுரை ஆற்ற வைத்தார். மாணவர்கள் குறிப்பெடுத்து அச்சுக்குத் தயார் செய்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிறகு இருவரும் பாரிஸில் சில ஆண்டுகள் இருந்து திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஸ். ராமனன் போன்ற அடுத்த தலைமுறை அதனால்தான் கிடைத்தது. நரசிம்மனும் ராமனனும் 1961இல் இணைப்புகளைப் பற்றி நிரூபித்த தேற்றம், பின்னர், இணைப்புகளை வைத்தே எழுந்த செர்ன்–சைமன்ஸ் கோட்பாட்டில் பயன்பட்டது. 1969இல் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: இரண்டு ஓட்டைப் பரப்பின்மேல், அணிகளின் அணிக்கோவை 1 ஆக இருக்கும் இரு பரிமாணக் கற்றைகளின் வரைபடத்தை உரிய முறையில் முழுமையாக்கினால், அது முப்பரிமாண வீழ்ப்பு வெளியே (சாதாரண வெளியோடு முடிவிலிப் புள்ளிகளையும் சேர்த்தது), வேறொன்றுமில்லை. அத்தனை சிக்கலான கேள்விக்கு அத்தனை எளிய விடை.

சேஷாத்ரி கர்நாடக இசை கற்றுப் பாடியவர். சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கியவரும் அவரே. 2020 ஜூலையில் சென்னையில் காலமானார். நரசிம்மன் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் பெங்களூரில் வாழ்ந்து, 2021 மே மாதம் மறைந்தார். 2006இல் மன்னர் ஃபைசல் பரிசை அவரும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தத் துறையில் பெண்கள் இருக்கிறார்களா? எனக்கு இரண்டு மகள்கள்.

நோதரை மேலே சொன்னேன். ரீமான் பரப்புகளின் வெளிகளை ஆராய்ந்த ஈரானின் மரியம் மிர்சாகானி 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். யாங்–மில்ஸ் சமன்பாடுகளில் அடிப்படைப் பணி செய்த கேரன் உலன்பெக் 2019இல் ஏபெல் பரிசு பெற்றார்.

நமக்கு நெருக்கமானவர் ஆர். பரிமளா. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்து, மும்பைக்கு வந்து டிஐஎஃப்ஆரில் ஆய்வு செய்தவர். தட்டையான வெளியின்மேல் கட்டும் இயற்கணிதக் கற்றைகள் எல்லாமே முறுக்கில்லாதவையா என்று 1955இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜான்-பியர் சேர் கேட்டிருந்தார். இரண்டு மாறிகளுக்கு ஆம் என்று 1958இல் காட்டியவர் சேஷாத்ரி. 1976இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே எல்லாப் பரிமாணத்துக்கும் ஆம் என்று நிரூபித்தார்கள். அதே 1976இல் பரிமளா, இருபடி வடிவங்களோடு சேர்த்து அதே கேள்வியைக் கேட்டால் விடை இல்லை என்பதே என்று எடுத்துக்காட்டோடு நிறுவினார். எல்லோரும் ஆம் என்று எதிர்பார்த்திருந்த இடத்தில் அப்படி ஓர் எடுத்துக்காட்டைக் கட்டி நிறுத்த அபாரமான துணிவு வேண்டும். உங்கள் மகள்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

படித்தால் என்ன பயன்?

ஜிபிஎஸ்ஸைச் சொன்னேன். வாட்ஸ்அப் செய்திகளை மறைகுறியாக்கம் செய்யும் முறை, ஓர் ஓட்டைப் பரப்பாக அமையும் முப்படிச் சமன்பாட்டின் குலத்தைப் பயன்படுத்துகிறது. இவை உண்மையான பயன்கள். ஆனால் ரீமானோ நரசிம்மனோ இவற்றுக்காக உழைக்கவில்லை. விடை தெரிய வேண்டும் என்ற வேட்கை இல்லாத பிள்ளையைப் பயனைக் காட்டி இதற்குள் இழுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேட்கை இருக்கும் பிள்ளையைப் பயனில்லை என்று சொல்லித் தடுக்கவும் வேண்டாம்.

மும்பையில் இருந்துகொண்டே இதைப் படிக்க முடியுமா?

முடியும். மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. கணித ஒலிம்பியாட் பணிகளில் அதற்குப் பங்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு, கலீனாவில் மும்பைப் பல்கலைக்கழகமும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் அடிப்படை அறிவியல் மையத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பு உண்டு. அதற்கு நெஸ்ட் தேர்வு எழுத வேண்டும். பவாய் ஐஐடியில் கணிதத்தில் இளங்கலைப் படிப்பு இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு டிஐஎஃப்ஆர். வெளியூர் அனுப்பத் தயங்காதவர்கள் சென்னைக் கணிதக் கழகத்தையும் பெங்களூர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தையும் பார்க்கலாம். உயர்கணிதத்துக்கான தேசிய வாரியம் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

ஜேஇஇ பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் வேகமாக விடை காண்பதில் வல்லவர்கள். ஒரே கணக்கோடு நான்கு நாள் உட்காரும் பழக்கத்தை அந்தப் பயிற்சி தருவதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டில்தான் வளர்க்க வேண்டும். விடை வராத கணக்கோடு பிள்ளை உட்கார்ந்திருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். ஆங்கிலம் தடுமாறும். பரவாயில்லையா?

தமிழ்நாட்டு அரசின் மேல்நிலைக் கணிதப் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசம். திசையன், அணி, கலப்பெண் மூன்றையும் அதில் உறுதியாகக் கற்றுக்கொள். கணித ஆங்கிலம் சில நூறு சொற்கள்தான், ஓராண்டில் வந்துவிடும். நிரூபணம் எழுதும் பழக்கத்தை இன்றே தமிழில் தொடங்கு. கூட்டுத்தொகை 3 ஆக முடியாது என்று மேலே சொன்ன நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுது; பிறகு 3க்குப் பதில் 7 வைத்து முயன்று பார். 5 வைத்தால் ஏன் நடக்காது என்பதையும் கண்டுபிடி.

இன்னும் தீராத கேள்விகள் இருக்கின்றனவா?

நிறைய. யாங்–மில்ஸ் சமன்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால், புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. மீதி அத்தனையும் அவற்றைப் பிணைக்கும் புலத்தின் ஆற்றலிலிருந்தும் குவார்க்குகளின் இயக்கத்திலிருந்தும் வருகிறது. அந்தப் புலத்தின் குவாண்டம் கோட்பாட்டைக் கணிதமாக முறைப்படி கட்டி, அதில் மிகக் குறைந்த ஆற்றலுக்கும் அடுத்த ஆற்றலுக்கும் நடுவே பூஜ்யமல்லாத இடைவெளி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கணினிக் கணக்கீடுகள் இருக்கிறது என்கின்றன. நிரூபணம் இல்லை. 2000ஆம் ஆண்டு கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அன்று அறிவித்த ஏழு கேள்விகளில் இதுவரை தீர்ந்தது ஒன்றுதான்: புவான்கரே ஊகம், பெரல்மான் வழியாக. அதுவும் ஒரு வெளியின் வளைவைக் காலப்போக்கில் சீராக்கிக்கொண்டே போகும் சமன்பாட்டால், வடிவவியலாலேயே தீர்ந்தது.